பள்ளிக்கூடத்தில் பேச்சு மொழிச் சிகிச்சை: கொழும்பில் பெற்றோரும் ரீச்சர்மாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை சில பள்ளிக்கூடங்களுக்குக் கிழமையில் ஒரு நாளோ இரண்டு நாளோ போய் வரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் நான். பெற்றோர் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது யாராவது ஓர் அம்மா கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பார். பள்ளிக்கூடம் எதுவானாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். படிக்கட்டில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் உச்சரிப்புத் திருத்துகிறவர்தானே? பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன வேலை?

உச்சரிப்பு என் வேலையில் ஒரு பங்குதான். பிள்ளை சொல்வதை விளங்கிக்கொள்கிறதா, நினைத்ததைச் சொல்லாகக் கோர்க்க முடிகிறதா, தடங்கலில்லாமல் கதைக்கிறதா, குரல் தெளிவா, மற்றப் பிள்ளைகளோடு கதைத்து விளையாட வருகிறதா, இவை எல்லாம் சேர்ந்ததுதான் என் வேலை. சாப்பாட்டை மென்று விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகளையும் பார்க்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் நான் முதலில் செய்வது வகுப்பின் பின் வாங்கில் போய் உட்காருவதுதான். தரம் 2 வகுப்பொன்று. ரீச்சர் சொல்கிறார்: "கணக்குக் கொப்பியை எடுத்து, நேற்றுச் செய்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில திகதியைப் போட்டு, கோடு கீறி வையுங்கோ." இருபத்தொன்பது பிள்ளைகள் குனிகிறார்கள். ஒரு பெடியன் மட்டும் குனியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்க்கிறான். அவள் கொப்பி எடுத்தபின் இவனும் எடுக்கிறான். அவள் பக்கம் திருப்ப, இவனும் திருப்புகிறான். கோடு கீறும் நேரம் வரும்போது ரீச்சர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவனுடைய அறிக்கையில் "கவனமில்லை, குழப்படி" என்று இருந்தது. உண்மையில் அந்த வகுப்பிலேயே மிகக் கவனமான பிள்ளை அவன்தான். காதால் பிடிக்க முடியாததைக் கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தான்.

கிளினிக் அறையில் என் முன்னால் தனியாக இருந்திருந்தால் இதை நான் கண்டிருக்கவே மாட்டேன். அந்த ரீச்சரிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். ஒரே மூச்சில் சொல்லும் கட்டளையை மூன்றாக உடையுங்கள், ஒவ்வொன்றையும் சொல்லும்போது கரும்பலகையில் ஒரு சின்னப் படம் போடுங்கள். அவனைப் பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிடவே தேவையில்லை. மற்ற இருபத்தொன்பது பேருக்கும் இதில் நட்டமில்லை.

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒருவர் இருப்பாரா?

இல்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு, விசேட தேவையுள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இந்தச் சேவையைக் கொடுக்கவேண்டும். அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் சிகிச்சையாளர்கள் ஏராளம். இங்கே எங்களில் பெரும்பாலோர் அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். சில சர்வதேசப் பாடசாலைகள் சொந்தமாக ஒருவரை வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் அதிபரின் அனுமதியோடு என்னைப் போல யாராவது போய் வருவதுதான். விசேட கல்விப் பிரிவு உள்ள பள்ளிக்கூடமென்றால் அந்த ரீச்சரோடு சேர்ந்து வேலை செய்வோம். ஆனால் பேச்சில் சிக்கலுள்ள பிள்ளைகளில் அதிகமானோர் சாதாரண வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களை முதலில் அடையாளம் காண்பவர் வகுப்பு ரீச்சர்தான்.

மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் வடிவாகக் கதைக்கவில்லை. இவரும் பிந்தித்தான் கதைத்தவராம் என்று மாமி சொல்கிறா. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

ஒரு வயதளவில் முதல் சொற்கள் வரும். ஒன்றரை வயதில் ஒரு சொல்லுமே இல்லாவிட்டால் கேட்டுப் பாருங்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரு சொல் சேரவேண்டும். நான்கு வயதுப் பிள்ளை சொல்வதில் பெரும்பகுதி, கடைக்கார ஐயாவுக்கும் விளங்கவேண்டும். எந்த வயதிலும் முன்பு சொன்ன சொற்கள் இல்லாமல் போனால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உங்கள் மிட்வைஃபிடம் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டலாம், பிள்ளை மருத்துவரிடம் நேரே போகலாம்.

மாமி சொன்னதும் வீண் கதையில்லை. பேச்சுத் தாமதம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. தகப்பனும் பிந்திக் கதைத்தவர் என்றால் அது பிள்ளையை வேளைக்குக் கொண்டுவருவதற்கான காரணம்.

முதலில் ஏன் காது பரிசோதிக்கச் சொல்கிறீர்கள்? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே.

கூப்பிட்டால் திரும்புவது, மெல்லிய ஒலிகள் எல்லாம் கேட்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைக்கு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். நோவிருக்காது, காய்ச்சலிருக்காது. தண்ணீருக்குள் தலை வைத்துக் கேட்பது போல உலகம் மங்கலாகக் கேட்கும். பேச்சில் தாமதமோ தெளிவின்மையோ இருந்தால் கேட்டல் பரிசோதனை செய்யாமல் அடுத்த வேலையைத் தொடங்கக்கூடாது.

வீட்டில் தமிழ், ஸ்கூல் வானில் சிங்களம், வகுப்பில் இங்கிலீஷ். மூன்று மொழியால்தான் பிள்ளை குழம்பிவிட்டது, தமிழை நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பல மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வராது. திக்குதலும் வராது. இது ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டிய விஷயம். மூன்று மொழி கேட்கும் பிள்ளை ஒவ்வொரு மொழியிலும் கொஞ்சம் குறைந்த சொற்களோடு தொடங்கலாம். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். "அம்மா, வோட்டர் தெண்ட" (சிங்களத்தில் "தெண்ட" என்றால் தா) என்று மூன்றையும் கலந்து கேட்பதும் குழப்பமில்லை. கொழும்பில் பெரியவர்கள் நாங்களே அப்படித்தானே கதைக்கிறோம்.

உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது எல்லா மொழியிலும் தெரியும். இங்கிலீஷில் மட்டும் திணறி, அம்மம்மாவோடு தமிழில் நீளமாகக் கதை சொல்லும் பிள்ளைக்குக் குறைபாடில்லை. அதற்கு இங்கிலீஷ் இன்னும் போதியளவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழை நிறுத்திய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் அம்மம்மா குசினி வாசலில் நின்றா. பேரன் வந்து மடியைப் பிடித்தான். அவ வாயைத் திறந்தா, பிறகு மகளைப் பார்த்தா, பிறகு "கம், ஈட்" என்றா. அவவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். நாலு மாதத்துக்கு முன்பு வரை அதே மடியில் படுத்து நரிக்கதையும் காகக் கதையும் கேட்ட பிள்ளை அவன். நல்லெண்ணத்தோடு, ஒரு படித்தவர் சொன்ன ஆலோசனையைக் கேட்டுத்தான் அந்த அம்மா அப்படிச் செய்தா. ஆனால் விளைவு என்ன? பிள்ளைக்கு இங்கிலீஷ் கூடவில்லை. ஒரு நாளில் அவன் கேட்கும் நல்ல, நிறைந்த பேச்சு குறைந்துபோனது.

மொழி வளர்வது உரையாடலில். எந்த மொழியில் உங்களுக்குக் கோபிக்கவும் கொஞ்சவும் கதை அளக்கவும் வருமோ, அந்த மொழியில் பிள்ளையோடு கதையுங்கள். அதில் கட்டிய வாக்கியம் மற்ற மொழிக்கும் அத்திவாரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் இதுதான் என் பதில். அன்று அந்த வீட்டில் நான் கொடுத்த முதல் "ஹோம்வேர்க்" அம்மம்மாவுக்குத்தான்: இரவு ஒரு நரிக்கதை.

மகளுக்கு "ழ" வரவில்லை. "வாழைப்பழம்" என்பதை "வாளைப்பளம்" என்கிறாள். தெரபி வேண்டுமா?

முதலில் அப்பா, அம்மா எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பேன். இலங்கைத் தமிழரில் பெரும்பாலோர் அன்றாடப் பேச்சில் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்கிறோம். பிள்ளை தன் வீட்டின் ஒலியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அது குறைபாடில்லை. தமிழ்த்தினப் போட்டிக்குக் கவிதை சொல்ல வேண்டுமென்றால் ழகரம் பழக்கலாம். அது தமிழ் ரீச்சரின் வேலை, என்னுடையதில்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொழும்பு வகுப்பறையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை எல்லாம் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். "வந்தவன்", "வந்தான்", "வந்தாரு" எல்லாம் தமிழ்தான். ஒரு பிள்ளையின் பேச்சை இன்னொரு ஊரின் பேச்சை வைத்து அளந்து "பிழை" என்று எழுதிவிட்டால், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிய பிள்ளையைத் திறக்கவைப்பது "ழ" பழக்குவதை விட ஆயிரம் மடங்கு கடினம்.

சிகிச்சை தேவைப்படுவது வேறு மாதிரியான மாற்றங்களுக்கு. நாலு வயது தாண்டியும் "கதிரை"யை "ததிரை" என்றும் "காகம்" என்பதைத் "தாதம்" என்றும் சொன்னால் கூட்டிவாருங்கள். சொல்லின் முதல் எழுத்தையே விட்டுவிட்டாலும், வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் விளங்காவிட்டாலும் அப்படியே. ர, ற போன்ற ஒலிகள் பொதுவாகப் பிந்தித்தான் வரும், அவற்றுக்கு நேரம் கொடுக்கலாம்.

ஒரு வகுப்பில் என்னதான் செய்வீர்கள்? வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுப் போலத்தான் இருக்கிறது.

விளையாட்டுத்தான். ஒரு நாளைச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பெடியன், "க" எல்லாம் "த" ஆகும். எங்களுக்குக் கிடைத்த இடம் நூலகத்தின் மூலை. மேசையில் ஒரு துண்டுக் கயிறும் ஒரு பழைய பால்மா ரின்னும் வைத்தேன். விளையாட்டின் சட்டம் ஒன்றுதான்: அவன் சொல்வதை நான் செய்யவேண்டும். "கட்டு" என்றால் கயிற்றால் ரின்னைக் கட்டுவேன். "தட்டு" என்றால் ரின்னைத் தட்டுவேன்.

அவன் கயிற்றைக் காட்டி "தட்டு" என்றான். நான் ரின்னைத் தட்டினேன். அவன் தலையாட்டினான், இல்லையாம். திரும்பவும் "தட்டு". திரும்பவும் தட்டினேன். மூன்றாம் முறை கயிற்றையே எடுத்து என் கையில் திணித்து, உரத்து "தட்டு!" என்றான். நான் கயிற்றால் ரின்னைத் தட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பகிடிக்குச் செய்யவில்லை என்று அவனுக்கு விளங்கியது. அந்த நிமிடத்தில்தான் அவன் வாயில் ஒன்றாக இருந்த இரண்டு சொல், காதில் இரண்டாகப் பிரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒலி பழக்குவது. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய் கொப்பளிக்கும்போது சத்தம் வரும் இடத்தைத் தொண்டையடியில் கண்டுபிடித்தோம். கண்ணாடியில் நாக்கு நுனி கீழே படுத்திருக்கிறதா என்று பார்த்தோம். "க்" தனியாக வந்தது. பிறகு "கா". "கட்டு" சரியாக வர ஆறு கிழமை எடுத்தது. அன்றைக்கு அந்த ரின்னை அவிழ்க்க முடியாதபடி கட்டினேன்.

வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும். சாப்பிடும் நேரத்தில் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். "தாதம் வந்தது" என்று பிள்ளை சொன்னால், "ஓம், காகம் வந்தது, காகம் பாணைத் தூக்கிக்கொண்டு போகுது" என்று சரியான சொல்லைக் கேட்கவையுங்கள். திரும்பச் சொல்லவைக்க வேண்டாம்.

வீட்டில் வடிவாகக் கதைக்கிற பிள்ளை தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கும்போது மட்டும் ஏன் திணறுகிறது?

வீட்டில் "நான் கடைக்குப் போறன்". புத்தகத்தில் "நான் கடைக்குப் போகிறேன்". தரம் 1க்கு வரும் எங்கள் பிள்ளை எழுத்தை மட்டும் படிக்கவில்லை, கிட்டத்தட்ட இன்னொரு தமிழையும் சேர்த்துப் படிக்கிறது. இதைப் பெரியவர்கள் நாங்கள் மறந்துவிட்டோம். மொழி வளம் உள்ள பிள்ளை இந்த இடைவெளியைத் தாண்டிவிடும். மொழியில் சிரமமுள்ள பிள்ளை அங்கேதான் தடுக்கி விழும்.

பள்ளிக்கூடத்துக்கு முன்பே புத்தகக் கதைகளை வாசித்துக் காட்டினால், "போகிறேன்", "வந்தார்கள்" எல்லாம் காதுக்குப் பழகிவிடும். எழுத்தும் ஒலியும் ஒட்டாமலே இருக்கும் பிள்ளைக்கு சொல்லை அசையாகத் தட்டிப் பிரிக்கவும், "மரம்" என்பதில் முதல் சத்தம் எது என்று காதால் பிடிக்கவும் பழக்குவோம். வருடக்கணக்கில் எழுத்துப் பிடிபடாவிட்டால் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பரிசோதனை எப்படி? இங்கிலீஷ் டெஸ்டைத் தமிழாக்கிச் செய்வார்களா?

படங்களைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்ட புள்ளிகளைத் தமிழ்ப் பிள்ளைமேல் சுமத்தக்கூடாது. தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே யார், எப்போது என்பதெல்லாம் இருக்கிறது. "பூனை நாயைக் கலைத்தது" என்பதில் அந்த "ஐ" விழுந்தால் யார் யாரைக் கலைத்தது என்றே தெரியாது. இங்கிலீஷ் டெஸ்ட் இதையெல்லாம் கேட்பதே இல்லை.

நான் அதிகம் நம்புவது பிள்ளையின் இயல்பான பேச்சை. பத்துப் பதினைந்து நிமிடம் விளையாடிக்கொண்டே பதிவுசெய்து, ஒவ்வொரு சொல்லாக எழுதிப் பார்ப்பேன். புதிய சொல் ஒன்றைக் கற்றுக்கொடுத்து, எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்றும் பார்ப்பேன். வீட்டாரிடம் கேட்பது பாதிப் பரிசோதனை.

"வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு" என்று எழுதித் தந்தார்கள். பிள்ளைக்கு அறிவு மட்டோ?

இல்லை. கேட்டல் குறைபாடோ ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ இல்லாமலே சில பிள்ளைகளுக்கு மொழி கற்பது கடினமாக இருக்கிறது. இங்கிலாந்தில் செய்த பெரிய ஆய்வில் இது ஏறத்தாழ 7 சதவீதம் என்று வந்தது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். பின் வாங்கிலிருந்து நான் பார்த்த அந்தப் பெடியன் அப்படிப்பட்ட பிள்ளைதான். இது வளர்ப்பால் வருவதில்லை. போன் கொடுத்ததால் வந்தது என்று உங்களை நீங்களே குற்றம் சாட்ட வேண்டாம். ஆனால் போனோடு போகும் நேரத்தைக் குறைத்துக் கதைக்கும் நேரத்தைக் கூட்டினால் எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான்.

என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் திக்குகிறது. நான் என்ன செய்யவேண்டும்?

இதைக் கேட்கும் ரீச்சரைக் கண்டாலே எனக்கு மனம் குளிரும். ஊரில் கொன்னை என்று சொல்லும் இந்தத் திக்குதல் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்கும். நூற்றில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தில் வரும், அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். பயந்த சுபாவத்தாலோ, யாரோ பயமுறுத்தியதாலோ வருவதில்லை.

"ஆறுதலாக் கதை", "மூச்சை இழுத்துப்போட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அது சொல்லி முடிக்கும்வரை இருங்கள். உங்கள் பேச்சின் வேகத்தைக் குறையுங்கள்.

இடாப்புக் கூப்பிடும் நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குறித்த நொடியில், குறித்த ஒரே சொல்லை, எல்லோர் முன்னிலும் சொல்லவேண்டும். வேறு சொல் போட்டுத் தப்ப வழியில்லை. தன் பெயருக்கு முந்தின பெயர் வரும்போதே சில பிள்ளைகளின் கை வியர்க்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் கையுயர்த்தச் சொல்லிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. வாய்மொழிப் பரீட்சையைத் தனியாக வைக்கலாமா, நண்பனோடு சேர்ந்து வாசிக்கலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியும். மற்றவர்கள் கேலி செய்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

நாக்குக் கீழ்ச் சவ்வை வெட்டினால் பேச்சு வருமா? வசம்பு?

நாக்குக் கட்டு பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாவது மிக அரிது. வெட்டுவதற்கு முன் பரிசோதிக்கவேண்டும். வசம்பைப் பிள்ளையின் வாயில் தடவாதீர்கள், அது பேச்சைக் கொண்டுவராது, அதில் நஞ்சுத்தன்மையுள்ள பொருளும் உண்டு.

கதைக்காத பிள்ளைக்குப் படம் காட்டவும் டெப்பில் தட்டவும் பழக்கினால், பிறகு வாய் திறக்கவே மாட்டாதே?

பயப்படாதீர்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சும் கூடத்தான் செய்கிறது. தண்ணீர் வேண்டுமென்று சொல்ல வழியில்லாத பிள்ளை தலையைச் சுவரில் இடிக்கும். படத்தைத் தொட்டுக் கேட்கத் தெரிந்த பிள்ளை இடிக்காது. படப் பலகையை வகுப்பிலும் வீட்டிலும் கன்ரீனிலும் பாவிக்கவேண்டும். அலமாரியில் பூட்டிய பலகை உதவாது. கீழே எழுதும் சொல் தமிழில் இருக்கட்டும்.

கொழும்பில் எங்கே போவது? செலவு?

அரச ஆஸ்பத்திரியில் இலவசம். பொரளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, தெகிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில, வத்தளைப் பக்கத்தவர்களுக்கு ராகம. ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயாதி நிலையமும் இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும், அதனால் வேளைக்குப் பதியுங்கள். தனியாரிடம் போவதென்றால் இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. "மூன்று மாதத்தில் கட்டாயம் கதைக்கவைப்பேன்" என்று உறுதி தருகிறவரிடம் போகாதீர்கள்.

கிடைத்த சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. போய்ப் பயனிருக்கிறதா?

இருக்கிறது. போங்கள். தமிழ் தெரிந்தவர்கள் குறைவு என்பது எங்கள் துறையின் பெரிய குறை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நல்ல சிகிச்சையாளர் உங்களிடமிருந்து தமிழைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வார். பிள்ளை வீட்டில் சொல்லும் இருபது சொற்களை, சொல்வது போலவே எழுதிக்கொண்டு போங்கள். போனில் பதிவுசெய்தும் போகலாம். மொழிபெயர்க்க ஒரு பெரியவர் போகவேண்டும், அக்காவையோ அண்ணாவையோ அந்த வேலைக்கு வைக்காதீர்கள். சிங்களத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு எழுதினால், "வீட்டு மொழியில் பார்க்கவில்லையே" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மகள் உயர்தரம் எழுதுகிறாள். இந்த வேலைக்குப் படிக்கலாமா?

படிக்கட்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, நான்கு வருடம், இங்கிலீஷில். தகைமைகளை அந்தந்த வருடப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் பாருங்கள். முடிவெடுக்கும் முன் என்னோடு ஒரு நாள் வரட்டும். காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கச் சொல்லுங்கள். பால்மா ரின் என்னிடம் இருக்கிறது.